பதினைந்தாவது

எக்ஸ்கவேட்டர் சூடாகும் வரை
கண்ணாடியில் படிந்த மணலில்
குல்ஸமான் விரலால் ஒரு வட்டம் போடுகிறான்.
இதுதான் ஒன்பதாம் நம்பர் வயல்.
நேற்றுவரை யாருக்கும் வேண்டாத மலீஹா மணல்.

பக்கத்து எட்டாம் நம்பரில் கோதுமை
பச்சையா மஞ்சளா என்று முடிவெடுக்காமல் நிற்கிறது.
ராத்திரி முழுக்க அதைச் சுற்றி நடந்த
ஏழு கோபுரத்து இரும்புக்கு இப்போதுதான் ஓய்வு.
சக்கரத் தடத்தில் தேங்கிய நீரைச்
சிட்டுகள் பங்கு போடுகின்றன.
வட்ட வயலில் வரப்பு இல்லை,
அதனால் வரப்புத் தகராறும் இல்லை.
என் சித்தப்பாவைக் கொண்டுவந்து இங்கே விட்டால்
பொழுது போகாமல் செத்துப்போவார்.

வேலை இதுதான்:
முள்ளை வேரோடு பிடுங்கு, குழியை மூடு,
காஃப் மரத்தை மட்டும் தொடாதே.
தொட்டால் அபராதம்
என் மூன்று வருஷச் சம்பளம் என்று பேச்சு.

முள் என்று இவர்கள் சொல்வது சீமைக்கருவேலம்.
முதுகுளத்தூரில் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான்
பாஸ்போர்ட்டுக்குப் பணம் கட்டினேன்.
கடன்காரனைக்கூட விமான நிலையத்தோடு மறந்துவிடலாம்;
இது எனக்கு முன்பே வந்திறங்கி
வேர் விட்டிருக்கிறது.

காஃப் என்பது நம்ம வன்னி.
தூரத்தில் இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள்,
இலை ஒரே சீப்பு.
முள்ளைப் பார்க்க வேண்டும்.
கருவேலம் கணுவுக்குக் கணு ஜோடியாய்க் குத்தும்.
வன்னி, கணுவை விட்டுவிட்டு
இடையில் எங்காவது, சின்னதாய்,
குத்த மனசில்லாமல் குத்தும்.
கேபினில் உட்கார்ந்தால் இது தெரியாது.
இருபது டன் இரும்பை நிறுத்திவிட்டு
இறங்கி
ஒரு கிளையைக் கையால் வளைக்க வேண்டும்.

இன்ஜினியர் பக்ரியின் வரைபடத்தில்
பதினான்கு பச்சைப் புள்ளி.
பதினான்கையும் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியாயிற்று.

பதினொரு மணிக்கு வடக்கோரப் புதரில் பக்கெட்டை இறக்கினேன்.
எப்போதும் ‘சரக்’கென்று வரும்.
வரவில்லை.
என்ஜின் முனகியது,
வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் எழுந்தது.
பூமி கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி.

முட்களை விலக்கிக்கொண்டு குல்ஸமான் உள்ளே போனான்.
நோன்பு. உதடு வெடித்திருந்தது.
‘நிறுத்து’ என்றான், நிறுத்திய பிறகு.
கருவேலத்தின் நடுவயிற்றில்
சாம்பல் நிறத்தில் ஒரு தண்டு.
பக்கெட்டின் பல் பட்டு
முழ நீளம் பட்டை உரிந்திருந்தது.

போனில் பக்ரி சொன்னார்: பதினான்குதான், மறுபடி எண்ணு.
எண்ணினேன். பதினைந்து.
பிக்கப்பில் வந்தார். மரத்தைப் பார்த்தார்.
மரம் பின்பக்கத்தில் இருக்குமோ என்பதுபோல்
காகிதத்தைத் திருப்பியும் பார்த்தார்.
‘ஏழாவது கோபுரம் சரியாக இதன்மேல்தான் வரும்.’
கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
வியாழக்கிழமை நகராட்சி ஆள் வருவானாம்.
‘அதுவரை?’
‘அதுவரை சுற்றி வேலை செய்.’

சுற்றி வேலை செய்தேன்.
நான்கு மணிக்கு நிறுத்தும்போது
மட்டம் தட்டிய மணலுக்கு நடுவில்
ஒரே ஒரு தலை, எண்ணெய் காணாத முடியோடு.

பட்டை உரிந்தால் எங்கள் பக்கம்
சாணி பூசுவோம் என்றான் குல்ஸமான்.
இங்கே மாட்டுக்கு எங்கே போவது என்றேன்.
அவன் பேசாமல் வேலியோரம் போய்
ஒட்டகச் சாணம் அள்ளி வந்தான். காய்ந்தது, உருண்டை உருண்டையாய்.

பாங்கு கேட்டது.
ஒரு பேரீச்சம்பழம்.
பாட்டிலில் பாதியைக் குடித்தான்,
மீதியை ஊற்றிப் பிசைந்தான்.

இப்போது எட்டாம் நம்பரில் தண்ணீர் நடக்கத் தொடங்கிவிட்டது.
என் பெருவிரலில் ஒரு முள்.
எந்த மரத்துடையது என்று
ஊசி எடுத்தால்தான் தெரியும்.